வாட்டர்லூ மேஜையில் காணாமல் போன வீரர்கள்

ஒரு மேஜை. ஆறடி நீளம், நாலடி அகலம். அதன் மேல் பச்சைப் புல்வெளி, நடுவே ஒரு மண் சாலை, சாலை ஓரத்தில் சின்னதாக ஒரு பண்ணை வீடு. வீட்டைச் சுற்றி வரிசை வரிசையாகப் பொம்மை வீரர்கள். ஒவ்வொருவரும் 28 மில்லிமீட்டர் உயரம்தான். சிவப்புக் கோட்டு, சாம்பல் கால்சட்டை, மார்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை, கறுப்புத் தொப்பி... உற்றுப் பார்த்தால் தொப்பியில் பித்தளைத் தகடு கூட மின்னும்! மேஜையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர். கையில் அளவு நாடாவும் பகடையும். 1815-ல் முடிந்துபோன போரை மறுபடியும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இதுதான் டேபிள்டாப் வார்கேமிங். நம் ஊரில் அதிகம் தெரியாது. இங்கிலாந்தில் இது பெரிய பொழுதுபோக்கு, பெரிய வியாபாரமும் கூட. 'சின்னப்பிள்ளை விளையாட்டு' என்று சிரித்துவிட்டுப் போய்விட முடியாதபடி இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1812-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, மலை, ஆறு, காடு எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் செய்து, விருப்பம்போல் மாற்றி அடுக்கக்கூடிய ஒரு போர் மேஜையைத் தன் மன்னருக்குப் பரிசளித்தார். அவருடைய மகன் 1824-ல் அந்த விளையாட்டுக்குச் சீரான விதிகளை வெளியிட, பிரஷ்ய ராணுவமே அதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாக எடுத்துக்கொண்டது. அறிவியல் கதைகளால் புகழ்பெற்ற எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். தரையில் பொம்மை வீரர்களை நிறுத்தி, ஸ்பிரிங் பீரங்கியால் சுட்டு விளையாடும் விதிகள் அதில் உண்டு. அடுத்த வருடமே நிஜமான உலகப்போர் வந்துவிட்டது.

ஆனால் இந்தக் கட்டுரை விளையாட்டைப் பற்றியது அல்ல. விளையாடுவதற்கு முன்னால் நடக்கும் வேலையைப் பற்றியது. அந்த வேலையில் தன் பணத்தையும் நிம்மதியையும் தொலைத்த ஒரு மனிதரைப் பற்றியது.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம்.

கடையில் வாங்கும்போது வீரர்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் கை தனி, தலை தனி, துப்பாக்கி தனி என்று ஒட்டிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். அதைக் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டாமல் விட்டால் பெயின்ட் அடித்த பிறகு அந்தக் கோடு முகத்தின் நடுவே தழும்பு மாதிரி தெரியும். பிறகு ஒட்ட வேண்டும். இதற்கான பசை சாதாரணப் பசை இல்லை, பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். அதன் மேல் ப்ரைமர். அதற்கும் மேல்தான் நிறம்.

நிறம் அடிப்பதில்தான் சூட்சுமம். 28 மில்லிமீட்டர் பொம்மையின் மேல் விழும் வெளிச்சம், நிஜ மனிதன் மேல் விழுவது மாதிரி தெளிவான நிழலை உண்டாக்காது. துணி மடிப்பு, விரல் இடுக்கு எல்லாம் தட்டையாகத் தெரியும். அதனால் நிழலையும் வெளிச்சத்தையும் பெயின்டர்தான் கையால் போட வேண்டும். முதலில் அடிப்படை நிறம். பிறகு நீர்த்த கரும்பழுப்பு நிறத்தை மேலே ஓடவிட்டால் அது பள்ளங்களில் தேங்கி நிழலாகிவிடும். கடைசியாகப் பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, ஏறக்குறைய காய்ந்த நிலையில் மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்த்தால் வெளிச்சம் வந்துவிடும். பெயின்டை எப்போதும் தண்ணீராக, இரண்டு மூன்று தடவையாகத்தான் அடிக்க வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் முகத்தில் கண்ணும் இருக்காது, மூக்கும் இருக்காது.

ஒரு வீரனுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பேர் கொண்ட ஒரு படைப்பிரிவுக்கு 24 மணி நேரம். ஒரு போருக்குப் பத்துப் பிரிவு வேண்டும் என்றால்? 240 மணி நேரம்! அதனால் இவர்கள் எல்லோரும் ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் 24 பேருக்கும் சிவப்புக் கோட்டு. பிறகு 24 பேருக்கும் கால்சட்டை. பிறகு 24 பேருக்கும் பட்டை. வேலைப் பகிர்வு என்று முதல் வருடப் பாடத்தில் படித்தது நினைவிருக்கும். ஒரே வித்தியாசம், இந்தத் தொழிற்சாலையில் வேலைக்காரர் ஒருவர்தான். சம்பளமும் கிடையாது.

வீரர்கள் தயார். நிற்க நிலம் வேண்டாமா?

நிலம் செய்வதைத்தான் டெரெய்ன் என்கிறார்கள். தெர்மாகோல் மாதிரியான நுரைப்பலகையைச் சூடான கம்பியால் வெட்டினால் மேடு. அதன் மேல் மரப்பசையும் மணலும் பூசிக் காயவிட்டால் மண். நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிடக் கூடாது, அதில் இருக்கும் ரசாயனம் நுரையைத் தின்றுவிடும். பல பேர் தங்கள் முதல் மலையை இப்படித்தான் பறிகொடுக்கிறார்கள். கரும்பழுப்பு அடித்து, அதன் மேல் மணல் நிறத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் தரை உயிர் பெறும். காய்ந்த டீத்தூள் மரத்தடிச் சருகாகிவிடும். வாசலில் போடும் தேங்காய் நார் மிதியடியை வெட்டி நிறுத்தினால் விளைந்த கோதுமை வயல்!

இந்த வயல் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இதில் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. 28 மில்லிமீட்டர் வீரன் என்றால் நிஜத்தில் சுமார் அறுபதில் ஒரு பங்கு. அதே அளவில் பார்த்தால் அந்த ஆறடி மேஜை நிஜத்தில் 110 மீட்டர் நீளம்தான். அதாவது ஒரு கால்பந்து மைதானம். அதற்குள் வாட்டர்லூவை அடைக்க முடியுமா? முடியாது. அதனால் ஆளுக்கு ஓர் அளவு, நிலத்துக்கு ஓர் அளவு என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆள் பெரிதாக இருப்பான், நிலம் சுருங்கியிருக்கும். எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பொய் அது.

ஒப்புக்கொள்ள முடியாத பொய் என்று ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. அதற்குத்தான் கேப்டன் வில்லியம் சைபோர்ன் கதைக்குப் போக வேண்டும்.

சைபோர்ன் 1797-ல் பிறந்தவர். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் 18. அதில் அவர் சண்டையிடவில்லை. போர் முடிந்த பிறகு பாரிசில் தங்கியிருந்த படையோடு போய்ச் சேர்ந்தவர். அவருடைய தனித்திறமை நிலத்தை அளந்து வரைவது. அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியிருக்கிறார். 1830-ல் ராணுவத் தலைமையிலிருந்து அவருக்கு ஒரு வேலை வந்தது: வாட்டர்லூ போர்க்களத்தை அப்படியே மாதிரியாகச் செய்ய வேண்டும். 

வேறு யாராவது என்றால் வரைபடம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வேலையை முடித்திருப்பார்கள். சைபோர்ன் நேரே பெல்ஜியம் போனார். போர்க்களத்தின் நட்டநடுவில் இருந்த லா ஹே சான்ட் என்ற பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கினார். ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அளந்தார். அதற்குள்ளேயே களம் மாறிவிட்டிருந்தது. போரின் நினைவாகச் சிங்கம் வைத்த பெரிய மண்குன்று ஒன்றை 1826-க்குள் கட்டி முடித்துவிட்டார்கள். குன்றுக்கு மண் எங்கிருந்து வந்தது? வெல்லிங்டன் பிரபு தன் படையை நிறுத்திய அதே மேட்டை வெட்டித்தான்! நினைவுச்சின்னம் கட்டுவதற்காக நினைவையே வெட்டிவிட்டார்கள். இருந்த நிலத்தை அளந்தால் மட்டும் போதாது, இல்லாமல் போன நிலத்தையும் அவர் யோசிக்க வேண்டியிருந்தது.

அடுத்தது வீரர்கள். யார் எங்கே நின்றார்கள்? இதற்குச் சைபோர்ன் செய்ததை அதற்கு முன் யாரும் அந்த அளவில் செய்ததில்லை. போரில் உயிர் பிழைத்த அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை மாதிரி கடிதம் அனுப்பினார். மாதிரிக்கு அவர் தேர்ந்தெடுத்த நேரம் மாலை சுமார் 7 மணி. நெப்போலியனின் காவல்படை கடைசியாகத் தாக்கிய நேரம். 'அந்த நேரத்தில் உங்கள் படை எங்கே நின்றது? எதிரில் எதிரி எப்படி அணிவகுத்திருந்தான்? உங்கள் பக்கத்து வயலில் என்ன பயிர் இருந்தது?' என்பதுதான் கேள்விகளின் சாரம்.

பயிரா? ஆமாம். ஜூன் மாதம். அந்த ஊரில் ரை தானியப் பயிர் ஆளுயரம் நிற்கும் காலம். பயிருக்குள் நிற்பவனுக்கு எதிரில் வருபவனைத் தெரியாது. பயிர் எது என்று தெரியாவிட்டால் அந்தப் போரே புரியாது. இன்றைக்கு மிதியடியை வெட்டி வயல் செய்பவர்களுக்கு ஆதிகுரு யார் என்று கேட்டால் சைபோர்னைச் சொல்லலாம்.

நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. ஆனால் பணம் வரவில்லை. 1833-ல் அரசு கையை விரித்துவிட்டது. மற்றவர் என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பார். காமர்ஸ் வகுப்பில் இதற்குப் பெயர் 'சங்க் காஸ்ட்'. போன பணம் போனதுதான், அதைப் பார்த்து இனிமேல் முடிவெடுக்காதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சைபோர்ன் நிறுத்தவில்லை. சொந்தப் பணத்தையும் கடனையும் போட்டுத் தொடர்ந்தார். மொத்தச் செலவு சுமார் 3000 பவுண்டு. அன்றைக்கு ஒரு சாதாரண ராணுவ அதிகாரிக்கு அது எட்டாத தொகை.

மாதிரி முடிந்தது. ஏறத்தாழ 18 அடி 7 அங்குலத்துக்கு 19 அடி 8 அங்குலம். நிலத்தில் ஒரு மைல் என்பது மாதிரியில் ஒன்பது அடி. அதன் மேல் ஈயமும் தகரமும் கலந்து வார்த்த சுமார் 75,000 குட்டி வீரர்கள். நில அளவின்படி பார்த்தால் ஒரு வீரன் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் கண்ணுக்கே தெரியாது. அதனால் அவரும் ஆளுக்கு ஓர் அளவு, நிலத்துக்கு ஓர் அளவு என்றுதான் வைத்துக்கொண்டார். மேடுகளையும் நிஜத்தை விட எடுப்பாகக் காட்டினார். இன்றைய வார்கேமர்களின் அதே பொய்!

அதைப் பற்றி யாரும் சண்டைக்கு வரவில்லை. சண்டை வந்தது வேறு இடத்தில்.

வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றது யார் என்று கேட்டால் வெல்லிங்டன் என்று பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் சொல்லும். ஆனால் அன்று பிற்பகலிலிருந்தே ப்ளூஷர் தலைமையிலான பிரஷ்யப் படை கிழக்கிலிருந்து வந்து சேர ஆரம்பித்துவிட்டது. பிளான்சன்வா கிராமத்தில் அவர்கள் கடுமையாகச் சண்டையிட்டார்கள். நெப்போலியன் தன்னிடம் மிச்சம் இருந்த படையில் ஒரு பகுதியை அங்கே அனுப்ப வேண்டியிருந்தது. மாலை 7 மணிக்குப் பிரஷ்யர்கள் எவ்வளவு தூரம் முன்னேறியிருந்தார்கள் என்பதைப் பொறுத்து, வெற்றியில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதும் மாறும்.

சைபோர்ன் பிரஷ்ய ராணுவத்திடமும் தகவல் கேட்டு வாங்கியிருந்தார். அதன்படி பிரஷ்ய வீரர்களைப் பெரும் எண்ணிக்கையில், நன்றாக முன்னேறிய நிலையில் நிறுத்தினார். வெல்லிங்டன் தரப்புக்கு இது பிடிக்கவில்லை. அந்த நேரத்துக்கு அவர்களை அங்கே காட்டுவது தவறு, பார்ப்பவர்களுக்குத் தவறான எண்ணம் வரும் என்று எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டது. வெல்லிங்டன் அப்போது சாதாரண ஆள் இல்லை. போர் வீரர், முன்னாள் பிரதமர், நாட்டின் நாயகன். சைபோர்ன் ஒரு சாதாரண ராணுவ அதிகாரி. அதுவும் கடன்கார அதிகாரி. மாதிரியை அரசு வாங்கிக்கொண்டால்தான் கடன் அடையும். அரசில் யார் சொல்லுக்கு மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் அவர் இறங்கி வந்தார். பிரஷ்ய வீரர்களில் பெரும்பகுதி மேஜையிலிருந்து எடுக்கப்பட்டார்கள்.

இது நிர்பந்தமா, திருத்தமா என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் இன்னமும் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். பெரிய மனிதரின் பெயரைக் காப்பாற்றச் சின்ன மனிதரை நெருக்கினார்கள் என்பது ஒரு கட்சி. கிடைத்த சாட்சியங்களை மறுபடி பார்த்துவிட்டு அவரே தவறைத் திருத்திக்கொண்டார் என்பது இன்னொரு கட்சி. எது எப்படியோ, வார்த்து, பெயின்ட் அடித்து, நிறுத்தி வைத்த வீரர்களைத் தன் கையாலேயே எடுத்து வைப்பது ஒரு மாதிரிக் கலைஞனுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு பொம்மையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

1838-ல் லண்டன் பிக்காடிலியில் எகிப்தியன் ஹால் என்ற இடத்தில் மாதிரி காட்சிக்கு வந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அப்படியானால் வசூல் 5000 பவுண்டு. செலவு 3000. லாபம் 2000 பவுண்டு என்று நோட்டில் எழுதிவிடலாம். ஆனால் நிஜத்தில் சைபோர்ன் போட்ட முதல் கூட அவர் கைக்குத் திரும்பவில்லை! மொத்த வரவும் நிகர லாபமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிகள் இதையேதான் சொன்னார்கள். அரசும் அவர் உயிரோடு இருந்தவரை மாதிரியை வாங்கவில்லை.

மனிதர் இத்தோடு விட்டாரா என்றால், இல்லை. போரின் இன்னொரு தருணத்தைக் காட்டும் இரண்டாவது மாதிரி ஒன்றையும் செய்தார்! சேர்த்த கடிதங்களை வைத்து 1844-ல் போரின் வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். 1849-ல் இறந்துபோனார். 

இப்போது பேலன்ஸ் ஷீட்டைப் பார்ப்போம்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'பை-ப்ராடக்ட்' என்று ஒரு பாடம் வரும். ஒன்றைத் தயாரிக்கப் போனால் கூடவே இன்னொன்று கிடைக்கும். கரும்பைப் பிழிந்தால் சர்க்கரையோடு சக்கையும் கிடைப்பது மாதிரி. சைபோர்ன் தயாரிக்க நினைத்தது ஒரு மாதிரி. அதற்காக வாங்கிப் போட்டவைதான் அந்தக் கடிதங்கள். அவருடைய மகன் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1891-ல் 'வாட்டர்லூ லெட்டர்ஸ்' என்று புத்தகமாக வெளியிட்டார். மூலக் கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வாட்டர்லூவைப் பற்றி இன்று யார் எழுதினாலும் அந்தக் கடிதங்களைத் தொடாமல் எழுத முடியாது. பிரஷ்யர்களைப் பற்றிய அந்தப் பழைய சண்டையை இரண்டு கட்சியும் நடத்துவதும் அவர் விட்டுப்போன காகிதங்களை வைத்துத்தான். சக்கை என்று ஒதுக்கியதுதான் கடைசியில் சர்க்கரையை விட விலை போனது. ஆனால் அதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது? அவர் கணக்கை மூடி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மாதிரியும் அழியவில்லை. லண்டன் செல்சீயில் இருக்கும் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதே செல்சீயில் இருந்த ஒரு ராணுவ நிறுவனத்தில்தான் சைபோர்ன் தன் கடைசி வருடங்களில் வேலை பார்த்தார்.

மறுபடியும் அந்த ஆறடி மேஜைக்கு வருவோம். வாட்டர்லூவை விளையாட உட்காருபவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிரஷ்யர்கள் எத்தனையாவது சுற்றில் மேஜைக்கு வருவார்கள்? சீக்கிரம் வந்தால் நெப்போலியனாக விளையாடுபவருக்குக் கஷ்டம். தாமதமாக வந்தால் வெல்லிங்டனுக்குக் கஷ்டம். சிலர் அதைப் பகடை போட்டு முடிவு செய்கிறார்கள். சைபோர்னுக்கு அந்த வசதி இல்லை. அவர் ஒரே ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஆளையும் ஓர் இடத்தில் நிறுத்தி, 'இதுதான் நடந்தது' என்று சொல்ல வேண்டியிருந்தது. புத்தகத்தில் 'ஏறத்தாழ', 'என்று சொல்லப்படுகிறது' என்றெல்லாம் எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். மேஜையில் ஏறத்தாழ நிற்பது என்று ஒன்று கிடையாது. ஒரு வீரன் ஒன்று அங்கே நிற்கிறான், அல்லது நிற்கவில்லை.

அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. எங்கேயோ ஓர் அறையில், விளக்கடியில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கருநீலக் கோட்டுப் போட்ட பிரஷ்ய வீரன் ஒருவனுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருப்பவர், சைபோர்ன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே வேண்டாம். ஆனாலும் பெயின்ட் காய்ந்ததும் அந்த வீரனை எடுத்துக்கொண்டு போய் மேஜையின் கிழக்கு ஓரத்தில் அவர் நிறுத்தும்போது, சைபோர்னின் மேஜையில் காலியாகிப்போன ஓர் இடம் மறுபடி நிரம்புகிறது.

அருங்காட்சியகத்துக்குப் போகும் வாய்ப்பு உங்களில் யாருக்காவது கிடைத்தால் நிற்கும் வீரர்களைப் பார்த்துவிட்டு, கிழக்குப் பக்கத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். யாரும் நிற்காத இடத்திலும் ஒரு கதை இருக்கிறது.